வெறும் களிம்பு எவ்வளவு குணப்படுத்தியது?

2016 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கிரிசாபொரோல் என்னும் களிம்புக்கு ஒப்புதல் அளித்தது. தோல் வறண்டு, சிவந்து, ஓயாமல் அரிக்கும் அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்னும் கரப்பான் நோய்க்கு, ஸ்டீராய்டு கலக்காத புதிய மேற்பூச்சு மருந்து ஒன்று ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது என்பதால் பெற்றோர்களிடமும் மருத்துவர்களிடமும் எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது. ஒப்புதலுக்கு அடிப்படையாக அமைந்தவை ஒரே வடிவில் நடத்தப்பட்ட இரண்டு ஆய்வுகள். லேசானது முதல் மிதமானது வரையிலான நோயுள்ள, இரண்டு வயது நிரம்பிய 1500க்கும் மேற்பட்டோர் இவற்றில் சேர்ந்தனர். மூவரில் இருவருக்கு மருந்துக் களிம்பும் ஒருவருக்கு மருந்து சேர்க்காத அதே களிம்பும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. நாளுக்கு இருமுறை என 28 நாட்கள் பூசிய பிறகு, தோல் முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ தெளிந்து, நோயின் தரநிலை குறைந்தது இரண்டு படியாவது இறங்கியவர்கள் மட்டுமே வெற்றி பெற்றவர்களாகக் கணக்கிடப்பட்டனர். முதல் ஆய்வில் மருந்து பூசியவர்களில் 32.8 விழுக்காட்டினர் அந்த நிலையை எட்டினர். இரண்டாவது ஆய்வில் 31.4 விழுக்காட்டினர்.

செய்தியாக வெளிவரும்போது பெரும்பாலும் இந்த எண்களோடு கதை முடிந்துவிடும். ஆனால் மருந்தில்லாத வெறும் களிம்பைப் பூசியவர்களில் முதல் ஆய்வில் 25.4 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 18 விழுக்காட்டினரும் அதே வெற்றியை அடைந்திருந்தார்கள். அதாவது முதல் ஆய்வில், மருந்தால் மட்டுமே கிடைத்த கூடுதல் பலன் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான். தோல் மருந்து ஆய்வு எதையும் வாசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மருந்துக் குழுவின் எண்ணை அன்று, இந்த வெறும் களிம்புக் குழுவின் எண்ணையே என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்கள் தோலின் இயல்பிலேயே இருக்கின்றன.

மாத்திரை ஆய்வுகளில் போலி மாத்திரை தயாரிப்பது எளிது. சிறிதளவு சர்க்கரையோ மாவோ உடலில் குறிப்பிடத்தக்க விளைவு எதையும் உண்டாக்குவதில்லை. மேற்பூச்சில் அப்படிப்பட்ட வெறுமை கிடையாது. கிரிசாபொரோல் களிம்பின் அடிப்படையில் இருப்பவை வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி, புரொப்பிலீன் கிளைக்கால், பாரஃபின் போன்றவை. பெட்ரோலியம் ஜெல்லி தோலின் மேல் ஒரு படலமாகப் படிந்து, உள்ளிருந்து நீர் ஆவியாகி வெளியேறுவதைப் பெருமளவு தடுக்கிறது. கரப்பான் நோயின் அடிப்படைக் கோளாறுகளில் ஒன்றே இந்தத் தடுப்புச் சுவரின் பலவீனம்தான். ஃபிலாக்ரின் என்னும் புரதத்துக்கான மரபணுவில் ஏற்படும் பிழைகள் இந்நோய்க்கு வலுவான காரணம் என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே ஒழுகும் சுவரை ஒரு களிம்பு பூசி அடைக்கும்போது, அதில் மருந்து இல்லாவிட்டாலும் சிகிச்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. கரப்பான் ஏறி இறங்கும் நோய். அது உச்சத்தில் இருக்கும்போதுதான் மக்கள் ஆய்வுகளில் சேர்கிறார்கள், ஆகவே எதையுமே பூசாமல் விட்டாலும் சில வாரங்களில் ஓரளவு தானாகத் தணிந்திருக்கும். வெறும் களிம்புக் குழு இவ்விரண்டையும் ஒருங்கே அளந்து காட்டுகிறது.

செதில் படை நோயான சோரியாசிஸின் ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 2022 மே மாதம் ஒப்புதல் பெற்ற டாபினராஃப் க்ரீமின் இரண்டு ஆய்வுகளில், 12 வாரங்களில் மருந்து பூசியவர்களில் 35.4 விழுக்காட்டினரும் 40.2 விழுக்காட்டினரும் வெற்றி பெற்றனர்; வெறும் க்ரீம் பூசியவர்களிலோ ஏறத்தாழ ஆறு விழுக்காட்டினர்தான். அதே ஆண்டு ஜூலையில் வந்த ரோஃப்ளூமிலாஸ்ட் க்ரீமின் எண்கள் எட்டு வாரங்களில் 42.4, 37.5, வெறும் க்ரீமில் 6.1, 6.9. சோரியாசிஸின் தடித்த, செதிலடைந்த படைகள் ஈரப்பசையால் மட்டும் கரைந்துவிடுவதில்லை என்பதால் அங்கே வெறும் பூச்சால் கிடைக்கும் அடிமட்டம் தாழ்வாக இருக்கிறது. வெண்புள்ளிக்கான ருக்ஸோலிட்டினிப் க்ரீமிலும் இதே நிலைதான்: 24 வாரங்களில் முகத்தின் நிறமிழப்பு முக்கால் பங்கு மீண்டவர்கள் மருந்துக் குழுக்களில் 29.8, 30.9 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுக்களில் 7.4, 11.4. கரப்பானில் 32.8, சோரியாசிஸில் 35.4, வெண்புள்ளியில் 29.8 என்று வெற்றி எண்களை மட்டும் வரிசையாக அடுக்கினால் மூன்று மருந்துகளும் ஏறத்தாழ ஒரே திறனுடையவை என்று தோன்றும். ஒவ்வொன்றுக்கும் கீழே இருக்கும் அடிமட்டத்தைக் கழித்த பிறகே உண்மை தெரிகிறது.

வெறும் களிம்பு இத்தனை நல்லது என்றால் அதையே பிறந்ததிலிருந்து பூசி நோயை வராமல் தடுக்கலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். அந்தக் கேள்வியை நேர்மையாகச் சோதித்துப் பார்த்ததுதான் பிரிட்டனில் நடந்த பீப் ஆய்வு. குடும்பத்தில் ஒவ்வாமை நோய்கள் உள்ள 1394 பச்சிளங்குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு முதல் ஓராண்டு முழுவதும் நாள்தோறும் ஈரப்பசை காக்கும் பூச்சு பூசப்பட்டது. 2020இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது: இரண்டு வயதில் பூச்சுக் குழுவில் 23 விழுக்காட்டினருக்கும் மற்றக் குழுவில் 25 விழுக்காட்டினருக்கும் கரப்பான் இருந்தது, போதாக்குறைக்கு, பூச்சுக் குழுவில் தோல் தொற்றுகள் சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டன. குளிக்கும் நீரில் ஊற்றும் எண்ணெய்ச் சேர்மானங்களும் இப்படியே 2018இல் சோதிக்கப்பட்டன. கரப்பானுள்ள சுமார் 480 குழந்தைகளிடம், வழக்கமான பராமரிப்புக்கு மேல் அவை கூடுதலாக எந்த நன்மையும் தரவில்லை. லோஷன், க்ரீம், ஜெல், களிம்பு ஆகிய நான்கில் எது சிறந்தது என்று 550 குழந்தைகளிடம் ஒப்பிட்ட மற்றொரு பிரிட்டன் ஆய்வு, நான்குக்கும் இடையே பலனில் வேறுபாடு இல்லை என்று 2022இல் அறிவித்தது. எந்தப் பூச்சைக் குழந்தை எதிர்ப்பின்றிப் பூசிக்கொள்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் நடைமுறைப் பொருள். அதே சமயம், இன்னொரு சூழலில் வெறும் எண்ணெயே உயிர்காக்கும் மருந்தாகவும் இருந்திருக்கிறது: வங்கதேசத் தலைநகர் டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனையில் 33 வாரங்களுக்கு முன்பே பிறந்த 497 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், சூரியகாந்தி எண்ணெய் பூசப்பட்டவர்களுக்கு மருத்துவமனைத் தொற்று வரும் வாய்ப்பு 41 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2005இல் பதிவானது. முதிராத தோல் கிருமிகளுக்குத் திறந்த வாசலாக இருக்கும்; முழுமாதக் குழந்தையின் தோல் அப்படி அல்ல. எந்தத் தோல், எந்த நோய், எந்த நேரம் என்ற மூன்றையும் சொல்லாமல் ‘பூச்சு நல்லது’ என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை.

மருந்துள்ள களிம்பிலும் அடிப்படைப் பொருளின் ஆட்சி குறைவதில்லை. தோலின் வெளிப்படலம் மிக மெல்லியதாயினும் கண்டிப்பான காவலாளி. 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு எடையுள்ள பொருட்கள் நலமான தோலைக் கடந்து உள்ளே செல்வது அரிது என்ற விதியை 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்தனர். சுமார் 1200 டால்டன் எடையுள்ள, நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின், சோரியாசிஸுக்கு மாத்திரையாக உட்கொள்ளும்போது சிறப்பாக வேலை செய்து, மேலே பூசும்போது தோற்றுப்போனதற்கு இதுவே முக்கியக் காரணம். சுமார் 800 டால்டனுள்ள, ஸ்டீராய்டு அல்லாத களிம்பு மருந்தான டாக்ரோலிமஸோ கரப்பானில் நன்றாகவே பலனளிக்கிறது. காவல் குலைந்த தோல் அதை உள்ளே விடுகிறது, தோல் குணமாகக் குணமாக உள்ளே செல்லும் அளவும் தானாகக் குறைகிறது. இடத்துக்கு இடமும் தோல் மாறுபடுகிறது. ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1967இல் வெளியிட்ட அளவீட்டின்படி, முன்கையில் உறிஞ்சப்படும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டை ஒன்று எனக் கொண்டால், உள்ளங்காலில் அது ஏழில் ஒரு பங்கு, நெற்றியில் ஆறு மடங்கு, தாடையில் 13 மடங்கு, விதைப்பையில் 42 மடங்கு. முழங்கையில் சோதித்துப் பாதுகாப்பானது என்று கண்ட ஒரு மருந்தை முகத்திலோ அரையிடுக்கிலோ அதே நம்பிக்கையோடு பூச முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஸ்டீராய்டுகளின் வரலாறே இந்த ஆய்வு முறைகளின் வரலாறு எனலாம். 1952இல் நியூயார்க்கின் சல்ஸ்பர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனை மேலே பூசிப் பலன் கண்டதாக அறிவித்தபோது, தோல் மருத்துவம் ஒரே ஆண்டில் வேறு துறையாகிவிட்டது. அடுத்த பத்தாண்டுகளில் புதிய ஸ்டீராய்டுகள் குவியவே, எது வலியது, எது மெலிந்தது என்று விரைவாகத் தரம் பிரிக்கும் தேவை எழுந்தது. 1962இல் மெக்கென்சியும் ஸ்டவுட்டனும் ஓர் எளிய வழியைச் சொன்னார்கள்: நலமானவர்களின் முன்கையில் மருந்தைத் தடவி, மூடி வைத்து, பின்னர் திறந்து அந்த இடம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று பார்ப்பது. ஸ்டீராய்டு இரத்த நாளங்களைச் சுருக்குவதால் தோல் வெளிறுகிறது. வெளிறலின் அளவு நோயில் அதன் வலிமையோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. இன்றும் ஒரு நிறுவனத்தின் ஸ்டீராய்டு க்ரீமும் மற்றொன்றின் க்ரீமும் சமமானவையா என்பதை அமெரிக்காவில் இந்தச் சோதனையின் வழியாகவே நிறுவுகிறார்கள். இதிலிருந்து பிறந்த வலிமைப் பட்டியலில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பீட்டாமெத்தசோன் டைபுரோப்பியோனேட் என்ற ஒரே மருந்து, ஒரே 0.05 விழுக்காட்டு அளவில், ஊடுருவலைக் கூட்டும் வகையில் அமைக்கப்பட்ட களிம்பில் மிக வலிய வகுப்பிலும் சாதாரண க்ரீமில் அதற்குக் கீழான வகுப்பிலும் இடம்பெறுகிறது. குழாயின் மேல் எழுதியிருக்கும் விழுக்காட்டை மட்டும் பார்த்து மருந்தின் வலிமையை முடிவு செய்வது எவ்வளவு தவறானது என்பதை இது காட்டுகிறது.

பலனை அளப்பதிலும் கவனிக்க வேண்டியவை உள்ளன, குறிப்பாக நம் போன்ற மாநிறத்தவரும் கருநிறத்தவரும். சோரியாசிஸுக்கான பாசி (PASI) அளவுகோல் 1978இல் சுவீடனில் உருவானது. கரப்பானுக்கான ஈசி (EASI) அளவுகோல் அதன் வழியில் பின்னர் அமைக்கப்பட்டது. இரண்டும் சிவப்பு, தடிப்பு போன்ற அறிகுறிகளுக்கு மதிப்பெண் இட்டு, சுழியம் முதல் 72 வரை கூட்டுகின்றன. வெள்ளைத் தோலில் ரோஜாச் சிவப்பாகத் தெரியும் அழற்சி, பழுப்புத் தோலில் ஊதாவாகவோ சாம்பல் கலந்த கருமையாகவோ தெரியும். பழகாத கண் அதற்குக் குறைந்த மதிப்பெண்ணே தரும். நோய் தணிந்த பின் மாதக்கணக்கில் நிற்கும் கருந்தழும்பு நம்மவருக்குப் பெருங்கவலை. அளவுகோலிலோ அதற்கு இடமே இல்லை. அண்மைக் காலத்தில் கரப்பான் ஆய்வுகள் எதையெல்லாம் கட்டாயம் அளக்க வேண்டும் என்று நோயாளிகளையும் உள்ளடக்கிய ஹோம் என்னும் பன்னாட்டுக் குழு முடிவு செய்திருக்கிறது: மருத்துவர் காணும் அறிகுறி, நோயாளி உணரும் தொல்லை, வாழ்க்கைத் தரம், நீண்டகாலக் கட்டுப்பாடு ஆகிய நான்கு. அரிப்பால் இழந்த தூக்கத்தை மருத்துவரின் கண் அளக்க முடியாது என்பதால் இது நெடுநாள் தாமதமாக வந்த நல்ல மாற்றம்.

ஒருவரின் இடக்கையில் மருந்தும் வலக்கையில் வெறும் களிம்பும் பூசி ஒப்பிடும் முறையும் உண்டு. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு நீங்குவதால் குறைந்த நோயாளிகளைக் கொண்டே முடிவு காணலாம். ஆனால் வலிய மருந்து இரத்தத்தில் கலந்து மறுபக்கத்தையும் குணப்படுத்தக்கூடும், தூக்கத்தில் ஒரு கை மற்றொரு கையில் உரசும், முழு உடலின் நலனையோ பக்க விளைவையோ இரண்டாகப் பிரித்து அளக்கவும் இயலாது.

எவ்வளவு பூசினார்கள் என்பது இன்னும் கடினமான கேள்வி. ஆய்வுகளில் மருந்துக் குழாய்களை இலவசமாகக் கொடுத்து, திரும்ப வாங்கி, எடை போட்டுப் பார்ப்பார்கள். சோரியாசிஸ் நோயாளிகளிடம், குழாய் திறக்கப்படும் நேரத்தை மின்னணு மூடி மூலம் பதிந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், தொடக்கத்தில் 85 விழுக்காட்டை ஒட்டியிருந்த ஒழுங்கான பூச்சு எட்டு வாரங்களில் ஏறத்தாழ 51 விழுக்காடாகக் குறைந்தது. நோயாளிகள் குறிப்பேட்டில் எழுதியதோ அதைவிட உயர்வாகவே இருந்தது. இதை நோயாளியின் பொறுப்பின்மை என்று நான் கருதவில்லை. ஆள்காட்டி விரலின் முதல் கோடு வரை பிதுக்கும் களிம்பு சுமார் அரை கிராம், அது விரல்களும் சேர்ந்த இரு உள்ளங்கைப் பரப்புக்குப் போதுமானது என்ற அளவை லாங், ஃபின்லே இருவரும் 1991இல் வகுத்தனர். அந்தக் கணக்கில் பெரியவர் ஒருவரின் உடல் முழுதும் ஒருமுறை பூசவே 20 கிராம் வேண்டும்; இருமுறை என்றால் நாளுக்கு 40 கிராம். 15 கிராம் குழாயை வாங்கிக்கொண்டு மாதம் முழுவதும் சமாளிக்கும் குடும்பத்தின் வீட்டில், ஆய்வில் கண்ட பலன் எப்படிக் கிடைக்கும்?

பெரும்பாலான ஒப்புதல் ஆய்வுகள் வெறும் களிம்பை வென்றால் போதும் என்ற விதியின்படி நடக்கின்றன. நோயாளி கேட்பதோ வேறு: ஏற்கெனவே கையில் இருக்கும் மலிவான மருந்தைவிட இது மேலா, எத்தனை நாள் பூசலாம், நிறுத்தினால் திரும்புமா? இவற்றுக்கு விடை தேடிய ஆய்வுகளில் பல, மருந்து நிறுவனங்களுக்கு வெளியே பிறந்தவை. பிரிட்டனின் நாட்டிங்ஹாமில் 200க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் 18 வாரங்கள் நடந்து 2002இல் வெளியான ஆய்வு, வலிய பீட்டாமெத்தசோனை மூன்று நாள் மட்டும் பூசி நிறுத்துவதும் மெலிந்த ஹைட்ரோகார்ட்டிசோனை ஏழு நாள் பூசுவதும் சமமான பலனையே தருகின்றன, எதிலும் தோல் மெலிவு காணப்படவில்லை என்று நிறுவியது. அடுத்த ஆண்டு வந்த மற்றோர் ஆய்வில், கரப்பான் அடங்கிய பிறகும் வாரத்துக்கு இருநாள் ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு க்ரீம் பூசியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய ஆறில் ஒன்றாகக் குறைந்தது. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் அஞ்சும் பெற்றோருக்கு இந்த இரு ஆய்வுகளும் பெரிய ஆறுதல். முறையான மேற்பார்வையில், அளவும் நாளும் வரையறுக்கப்பட்ட ஸ்டீராய்டு ஒரு நல்ல மருந்து.

மறுபக்கத்தில், பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்கு நான்கு வார ஆய்வுகளால் விடை சொல்ல முடிவதில்லை. டாக்ரோலிமஸ், பிமெக்ரோலிமஸ் களிம்புகள் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்தின் பேரில் 2006இல் அமெரிக்காவில் அவற்றின் மேல் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடப்பட்டது. டாக்ரோலிமஸ் பூசிய ஏறத்தாழ 8000 குழந்தைகளைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த பதிவேட்டின் முடிவு 2020இல் வெளியானபோது, அவர்களில் ஒருவருக்குக்கூட லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் வந்திருக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அச்சத்தால் அந்த மருந்தைத் தவிர்த்த குடும்பங்கள் எத்தனையோ.

இந்தியாவில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. இங்கே அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவாரில்லை. நாட்டின் 12 தோல் மருத்துவ மையங்களில் முகத்தில் பிரச்சினையுடன் வந்த 2926 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தனர். அவர்களில் ஐந்துக்கு மூன்று பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். சிவப்பழகுக்காகவும் பருவுக்காகவும் பூசிப் பழகி, நிறுத்தினால் முகம் எரியும் நிலைக்கு வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். தோல் மருத்துவர்களின் அகில இந்திய சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகே, 2018இல் பல மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 328 கூட்டு மருந்துகளிலும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் சில இருந்தன. எனினும் வலிய ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, பாக்டீரியா எதிர்ப்பு மருந்து மூன்றையும் ஒரே குழாயில் அடைத்த களிம்புகள் படர்தாமரைக்கு இன்னமும் பூசப்படுகின்றன. நாட்டில் பரவியிருக்கும் டிரைக்கோஃபைட்டன் இன்டோட்டினியே என்னும் பூஞ்சையின் பல வகைகள் டெர்பினஃபைன் என்னும் பூஞ்சைக் கொல்லிக்குக் கட்டுப்படாதவை என்பது நிலைமையை மேலும் கடுமையாக்குகிறது.

இப்படிப்பட்ட கூட்டுக் களிம்பை ஒழுங்காகச் சோதிப்பதானால், மூன்றும் சேர்ந்த களிம்பு, ஒவ்வொரு பொருளையும் நீக்கிய களிம்புகள், வெறும் களிம்பு என்று தனித்தனிக் குழுக்கள் வேண்டும். ஒவ்வொரு பொருளும் தன் பங்கை நிரூபித்தாக வேண்டும். அதைவிட முக்கியமானது, எந்த நாளில் எதை அளக்கிறோம் என்பது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் ஓரிரு நாட்களில் அடக்கிவிடும்; அதே வேளையில் பூஞ்சையை எதிர்க்கும் உடலின் காவலையும் தளர்த்தும். ஆகவே முதல் வார முடிவில் அரிப்பை மட்டும் அளக்கும் ஆய்வில் கூட்டுக் களிம்பே வெல்லும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து, சிகிச்சையை நிறுத்தி இரண்டு மாதங்கள் கழித்தும் அதே ஆட்களை மீண்டும் அழைத்துப் பார்க்கும் ஆய்வுதான் படர்தாமரை குணமாயிற்றா என்ற கேள்விக்கு விடை தரும். 2009 ஜூன் முதல் இந்தியாவில் மருந்து ஆய்வுகள் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும் என்பது கட்டாயம். ஒப்பீட்டுக்கு வைத்தது எது, அளக்கப்போவது எதை, எத்தனையாவது வாரத்தில் என்ற மூன்று விவரங்களும் அங்கே யாரும் பார்க்கும்படி இருக்கின்றன.